நேரடி அவான் கார்ட் ஜாஸ் இசைத்தட்டை முதன்முறையாகக் கேட்பது எப்படி? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாதத்தில் ஓரிரவு எங்கள் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் நாலைந்து பேர் கூடி, ஒரு ஜாஸ் இசைத்தட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறோம். வருகிறவர்களில் வாய்ப்பாட்டு முறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். தவில் பழகுகிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். சினிமாப் பாட்டைத் தவிர வேறெதையும் கேட்டிராதவர்களும் இருக்கிறார்கள். புதிதாக வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து உருவானது இந்த வரிசை.

அவான் கார்ட் ஜாஸ் என்பது வழக்கமான ஜாஸின் விதிகளை உடைத்துப் போகிற இசை. அதைக் கேட்பதன் அடிப்படை இதுதான். இந்த இசையில் எது உடைகிறது என்று கேட்பதற்கு முன், எது உடையாமல் நிற்கிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டும். பந்தலுக்கு நாலு கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு மெட்டு (உருப்படியின் தொடக்கத்திலும் முடிவிலும் வருகிற மெட்டு), தாளம், பேஸ் (டபுள் பேஸ் என்ற, தாழ்ந்த ஒலி தருகிற பெரிய தந்தி வாத்தியம்), பியானோ. நாலு காலும் ஊன்றியிருக்கிற இசைத்தட்டில் தொடங்கி, ஒவ்வொரு காலாகக் கழற்றப்படுகிற இசைத்தட்டுகளுக்குப் போக வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்தான் "இது வெறும் சத்தம்" என்று எழுந்து போகிறார்கள்.

1. எந்த இசைத்தட்டில் தொடங்குவது

எரிக் டொல்ஃபியின் "அட் த ஃபைவ் ஸ்பொட்", முதல் தொகுதி. 1961 ஜூலை 16 அன்று நியூயோர்க்கில் ஃபைவ் ஸ்பொட் என்ற சிறிய இசைவிடுதியில், ஒரே இரவில் பதிவானது. டொல்ஃபி அல்ட்டோ சாக்சபோனும், தாழ்ந்த குரல் கொண்ட பேஸ் கிளாரினெட் என்ற குழலும் வாசிக்கிறார். புக்கர் லிட்டில் ட்ரம்பெட், மல் வால்ட்ரன் பியானோ, ரிச்சர்ட் டேவிஸ் பேஸ், எட் பிளாக்வெல் டிரம்ஸ்.

இதை நான் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. உருப்படிகள் மூன்றே மூன்று: "ஃபயர் வால்ட்ஸ்", "பீ வாம்ப்", "த புரொஃபெட்". எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்றிலும் முகப்பு மெட்டு தெளிவாக இருக்கிறது. பந்தலின் நாலு காலும் இருக்கின்றன. அவற்றின் மேலே நின்றுகொண்டு டொல்ஃபியும் லிட்டிலும் எல்லையைத் தாண்டுகிறார்கள். எல்லை இருப்பதனால் தாண்டுவது தெரிகிறது.

ஸ்டூடியோவில் பதிவான இசைத்தட்டு ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். நல்லூரில் மேளச் சமா நடக்கும்போது கூட்டம் தவில்காரரை எப்படித் தூண்டிவிடுகிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவர் வாசித்ததை இன்னொருவர் அந்தக் கணத்திலேயே பிடித்துக்கொள்வதும், நேரம் நீள்வதை யாரும் பொருட்படுத்தாமல் இருப்பதும் நேரடிப் பதிவில் அப்படியே இருக்கின்றன. "த புரொஃபெட்" மட்டும் 21 நிமிடம்.

2. முன்கூட்டித் தேவையானவை

முதலாவது, இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி தருகிற கருவி. கம்பியுள்ள ஹெட்போன் போதும். விலை கூடியது தேவையில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கிடைப்பதே போதுமானது. வாங்குவதற்கு முன் கடையிலேயே பேஸ் ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் பாதி ஒலிதான் வந்தது. அதை இசைத்தட்டின் குறை என்று ஒரு கிழமை நம்பிக்கொண்டிருந்தேன்.

கைபேசியின் சொந்த ஸ்பீக்கரிலோ உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரிலோ இதைக் கேட்கவே கேட்காதீர்கள். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 41 அதிர்வு. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஸ்பீக்கர் தராது. பந்தலின் ஒரு கால் உங்கள் காதுக்கு வராமலே போய்விடும். மீதி மூன்றில் நிற்கிற பந்தல் ஆடத்தானே செய்யும்! இசை குழப்பமாக இருக்கிறது என்று சொன்ன பலருக்கு நான் செய்த வைத்தியம் ஹெட்போனைக் கையில் கொடுத்தது மட்டும்தான்.

இரண்டாவது, இடையில் அறுபடாத பதிவு. விளம்பரம் நுழைகிற இலவச முறையில் கேட்டால் 21 நிமிட உருப்படிக்கு முன்னும் பின்னும் சவர்க்கார விளம்பரம் வரும். முதல் நாளே வைஃபையில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். மின்வெட்டு வந்தாலும் நின்றுபோகாது. வரிசையைக் கலைத்துப் போடுகிற வசதியையும், ஓர் உருப்படியின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கரைக்கிற வசதியையும் அணைத்துவிடுங்கள். கைதட்டல் ஓய்ந்து அமைதி வருவதும் இந்த இசைத்தட்டின் பகுதிதான்.

மூன்றாவது, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். சில மறுபதிப்புகளில் "பீ வாம்ப்" இன்னொருமுறை வாசித்த வடிவத்திலும் கடைசியில் சேர்ந்திருக்கும். புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் மாதத்தில் மூன்று உருப்படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

3. நேரமும் இடமும்

இரவு ஒன்பதரைக்குப் பிறகு. மாலையில் கோயில் ஒலிபெருக்கி இருக்கும். மத்தியானத்தில் மின்விசிறி சுற்றியே ஆகவேண்டும். மின்விசிறியின் இரைச்சல், டிரம்ஸின் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஒலியைத் தின்றுவிடுகிறது. தாள எண்ணிக்கை பெரும்பாலும் அந்தச் சிம்பலில்தான் இருக்கிறது. மாரி காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து கேட்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

கதிரையில் நிமிர்ந்து இருங்கள். படுத்தபடி கேட்டவர்கள் எல்லோரும் "பீ வாம்ப்" நடுவிலேயே நித்திரையாகிவிட்டார்கள்.

4. முதற்கேட்டல்: எதையும் தேடாதீர்கள்

மூன்று உருப்படிகளையும் நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள். கையில் பேனா வேண்டாம். இது என்ன ராகத்துக்குக் கிட்ட வருகிறது என்று தேட வேண்டாம். சங்கீதம் படித்தவர்களின் முதல் இடறல் இதுதான். முதல் நிமிடத்திலேயே ஆரோகண அவரோகணத்தைக் கட்ட முயல்கிறார்கள். இசை அதற்குள் அடங்காததால் மீதி நாற்பத்தைந்து நிமிடமும் அதோடு வழக்காடிக்கொண்டே கேட்கிறார்கள். இங்கே ஒரு ராகம் நிலைத்து நிற்பதில்லை. பியானோவில் ஒன்றாக ஒலிக்கிற சுரக்கூட்டங்கள் ஒரு சுற்றாக மாறி மாறி வருகின்றன. வாசிப்பவர் அந்தச் சுற்றின் மேல் நடக்கிறார்.

இரண்டு நிமிடம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுவது அடுத்த இடறல். இரண்டு நிமிடத்தில் முகப்பு மெட்டு முடிந்து, டொல்ஃபி பாய்ந்து உள்ளே வந்திருப்பார், அவ்வளவுதான். ஆலாபனை தொடங்கியதும் எழுந்து போனவர் கச்சேரியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: எந்த இடத்தில் உங்களை அறியாமல் நிமிர்ந்தீர்கள்? பிறகு அந்த இடத்திலிருந்து உள்ளே போகலாம்.

5. இரண்டாவது கேட்டல்: பேஸ் மட்டும்

இரண்டு நாள் கழித்து "ஃபயர் வால்ட்ஸ்" மட்டும் வையுங்கள். பதின்மூன்றரை நிமிடம். சாக்சபோனையும் ட்ரம்பெட்டையும் விட்டுவிட்டு ரிச்சர்ட் டேவிஸின் பேஸை மட்டும் பின்தொடருங்கள்.

ஏன் பேஸ் முதலில்? ஊதுகிறவர்கள் மாறுகிறார்கள், ஓய்கிறார்கள். பேஸ் தொடர்ந்து வாசித்துக்கொண்டே இருக்கிறது. தம்புராவைப் பிடித்துக்கொண்டு பாட்டைக் கேட்பதுபோல், பேஸைப் பிடித்துக்கொண்டால் மேலே எது நடந்தாலும் நீங்கள் விழமாட்டீர்கள். தம்புராவோடு வித்தியாசம் ஒன்று உண்டு. தம்புரா ஓரிடத்தில் நிற்கும், பேஸ் நடக்கும். டேவிஸ் நேராக நடக்காமல் சில இடங்களில் சுற்றுவழியாகப் போவார். தொலைந்துவிட்டதாகத் தோன்றினால் இசைத்தட்டைப் பின்னோக்கி இழுக்காதீர்கள். காத்திருங்கள், பேஸ் உங்களைத் தேடி வரும். பின்னோக்கி இழுத்து இழுத்துக் கேட்பவர்களுக்கு இந்த இசையின் நீளம் என்றைக்கும் பிடிபடுவதில்லை.

6. மூன்றாவது கேட்டல்: எண்ணுங்கள்

அதே "ஃபயர் வால்ட்ஸ்". வால்ட்ஸ் என்றால் மூன்று மூன்றாக எண்ணுவது. ரூபகத்துக்குப் போடுகிற தட்டு, தட்டு, வீச்சு போதும். முகப்பு மெட்டு ஒலிக்கும்போதே போடத் தொடங்கி, டொல்ஃபி தனியாக வாசிக்கத் தொடங்கிய பிறகும் கையை நிறுத்தாதீர்கள். அவருக்குப் பிறகு லிட்டில், அவருக்குப் பிறகு வால்ட்ரன். கடைசியில் முகப்பு மெட்டு திரும்பி வரும்போது உங்கள் கையும் அவர்களும் ஒரே இடத்தில் விழுந்தால், ஓர் எல்லையைக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது நாலாவது முயற்சியில் நடந்தது. அன்று நித்திரை வரவில்லை.

நிரவலில் ஒரே வரியை வைத்துக்கொண்டு பாடகர் திரும்பத் திரும்பப் புதிதாக விரிப்பார் அல்லவா? இங்கேயும் முகப்பு மெட்டின் சுற்று அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது; ஒவ்வொருவரும் அதே சுற்றைத் தம் பாட்டுக்கு நிரப்புகிறார்கள். கை எண்ணாவிட்டால் இது வெறும் ஒலிப் பெருக்காகத் தெரியும். எண்ணினால், ஒவ்வொரு வாக்கியமும் எங்கே தொடங்கி எந்த அடியைத் தாண்டிப் போய் முடிகிறது என்று தெரியும்.

தாளம் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான்காக எண்ணுகிற ஜாஸ் உருப்படிகளில் டிரம்ஸின் ஹை-ஹட் என்ற மூடு சிம்பல் பொதுவாக 2ஆம், 4ஆம் அடிகளில் மூடும். எங்கள் காது பலத்த அடியைச் சமம், அதாவது தாளத்தின் முதலடி, என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் முழு உருப்படியும் ஓரடி தள்ளிப்போய், எல்லாமே தவறாக ஒலிக்கும். மிருதங்கம் நன்றாக வாசிக்கிற ஒருவர் எங்கள் விறாந்தையில் இந்த இடத்தில் இரண்டு மாதம் சிக்கிக்கொண்டார். முகப்பு மெட்டு முடிகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பார்த்து, அங்கிருந்து எண்ணுங்கள்.

7. டிரம்ஸைத் தவிலாகக் கேட்பது

இந்தப் படி எங்கள் ஊர்க்காரருக்கு எளிது. இங்கே அதிகம் விளக்கத் தேவையில்லை. எட் பிளாக்வெல் டிரம்ஸில் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு குரல் கொடுத்து, அந்தக் குரல்களால் பேசுகிறார். கேட்பதற்கு முன் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் தனி ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு வாருங்கள். காது அந்த உரையாடலுக்குப் பழகிவிட்ட நிலையில் பிளாக்வெல்லைக் கேட்டால், சாக்சபோன் முடித்த வாக்கியத்துக்கு அவர் எங்கே மறுமொழி சொல்கிறார் என்று உடனே பிடிபடும். எங்கள் தவில் இளைஞர் முதல் இரவிலேயே அதைப் பிடித்துவிட்டார். எனக்கு ஆறு மாதம் ஆனது.

8. "அபசுரம்" என்று தோன்றும் இடங்கள்

பெரும்பாலானவர்கள் கைவிடுவது இங்கேதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இந்த இசைத்தட்டில் அபசுரமாகக் கேட்பவை மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகக் கட்டி "சுதி சேரவில்லை" என்று சொல்வதுதான் தவறு.

முதல் வகை, உண்மையிலேயே சுதி சேராதது. அந்த விடுதியின் பியானோ ஒழுங்காகச் சுதி கூட்டப்படாதது. உங்கள் காது அதைக் கண்டுபிடித்தால் காது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வயலின் கற்பிக்கிற ஒருவர் வால்ட்ரனின் முறை வந்ததும் முகம் சுளித்தார். அவர் சுளித்தது நியாயம். ஆனால் அந்தப் பியானோவை வைத்துக்கொண்டு வால்ட்ரன் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். வேகமாக ஓடி அழகு காட்ட அவர் முயல்வதில்லை. சின்னஞ்சிறு துண்டு ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்ப அடிக்கிறார், சற்று மாற்றுகிறார், மறுபடி அடிக்கிறார். சுதி பிசகிய சுரமும் அந்தத் திரும்பத் திரும்ப வருதலில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது வகை, எழுதிவைத்த உரசல். "த புரொஃபெட்" தொடக்கத்தில் சாக்சபோனும் ட்ரம்பெட்டும் மிக நெருங்கிய சுரங்களில் நின்று ஒன்றையொன்று உரசுகின்றன. இருவரும் சேர்ந்தே தொடங்குகிறார்கள், சேர்ந்தே முடிக்கிறார்கள். தற்செயலாகப் பிசகியிருந்தால் அவ்வளவு ஒழுங்காக உரச முடியாது.

மூன்றாவது வகைதான் டொல்ஃபி. ஒரே மூச்சில் தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சிக்குத் தாவி, நடுவில் எங்கும் கால் வைக்காமல் மீண்டும் கீழே வருவார். சுரத்துக்குச் சுரம் படியாக ஏறியிறங்கிப் பழகிய காதுக்கு அந்தத் தாவல் விழுவதுபோல் தோன்றும். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவர் தாவிய வடிவத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பதினைந்து வினாடியைக் கேளுங்கள். அதே வடிவம் வேறோர் இடத்திலிருந்து மறுபடி வந்தால், முதலாவது விழுகை இல்லை, கால் வைத்த இடம்தான். இப்படிச் சோதித்தவர்கள் பிறகு அபசுரம் என்ற சொல்லை எடுப்பதில்லை.

டொல்ஃபி பறவைகளின் ஒலியைக் கவனித்துக் கேட்டு வாசித்தவர். விடியற்காலையில் வேப்பமரத்துக் குயில் கூவும்போது, ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிடச் சற்று ஏறி, எந்தச் சுரத்திலும் நிற்காமல் போவதைக் கேட்டிருப்பீர்கள். அதை யாரும் அபசுரம் என்பதில்லை. "பீ வாம்ப்"பில் அவருடைய பேஸ் கிளாரினெட்டை இந்த நினைவோடு கேளுங்கள். அடித்தொண்டையில் மரம் அதிர்வதுபோன்ற குரலும், உச்சியில் கீச்சிடுகிற குரலும் ஒரே குழலிலிருந்து வருகின்றன. இந்த இசைத்தட்டில் நான் மிகவும் நேசிக்கிற நிமிடங்கள் அவை.

9. அறையைக் கேட்பது

கடைசியாக ஒருமுறை, வாத்தியங்களை விட்டு அறையைக் கேளுங்கள். பேச்சுக் குரல், கண்ணாடிக் குவளை, ஓரிருவர் கைதட்டல். இந்த இரைச்சலை ஒலிப்பதிவின் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. திருவிழா மேளத்தின் பழைய ஒலிநாடாவில் கச்சான் கடைக்காரரின் குரலும் பிள்ளைகளின் சத்தமும் கேட்பதால்தான், நாதஸ்வரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று காது அளந்துகொள்கிறது. இங்கேயும் அப்படித்தான். இரைச்சல் எங்கே அடங்குகிறது என்று கவனியுங்கள். குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திய இடம், நீங்கள் திரும்பப் போய்க் கேட்க வேண்டிய இடம்.

10. அடுத்தடுத்த இசைத்தட்டுகள்: ஒவ்வொரு காலாக

ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். செயலி "அடுத்தது" என்று நீட்டுகிறதை எடுக்காதீர்கள். அதற்கு உங்கள் காது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாது. கடைசிப் படியை முதலில் நீட்டிவிடும்.

முதலில் கழற்ற வேண்டிய கால் பியானோ. சாக்சபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனின் "லைவ் அட் த வில்லேஜ் வான்கார்ட்", 1961 நவம்பரில் பதிவானது. "ஸ்பிரிச்சுவல்" முதலில்: டொல்ஃபியின் பேஸ் கிளாரினெட் அதில் இருக்கிறது; தெரிந்த குரல் ஒன்று வாசலில் நின்று வரவேற்கும். பிறகு "சேசின் த ட்ரேன்". சுமார் 16 நிமிடம். சாக்சபோன், பேஸ், டிரம்ஸ் மட்டும். பியானோ வாசிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். முகப்பு மெட்டும் கிடையாது. ஆனால் புளூஸ் என்ற பழைய பாட்டு வடிவத்தின் 12 அளவை கொண்ட சுற்று அடியில் ஓடுகிறது. ஓர் அளவைக்கு நாலடி, ஒரு சுற்றுக்கு 48 அடி. எட்டெட்டாக எண்ணினால் ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம். வேகம் கூடியது, எண்ணத் தொடங்கியதும் கை வலிக்கும். இரண்டடிக்கு ஒரு தட்டாகப் போடுங்கள். கோல்ட்ரேன் வாசிக்கும்போது நடந்துகொண்டே இருந்ததால், ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டர் ஒலிவாங்கியோடு அவரைத் துரத்த வேண்டியிருந்தது. உருப்படியின் பெயரே அதிலிருந்துதான் வந்தது.

அடுத்தது சாக்சபோன் கலைஞர் ஓர்னெட் கோல்மனின் "அட் த கோல்டன் சர்க்கிள்", முதல் தொகுதி. 1965 டிசம்பரில் ஸ்டொக்ஹோமில் பதிவானது. இசைத்தட்டு முழுவதிலும் பியானோ இல்லை. கட்டாயமான சுரக்கூட்டச் சுற்றும் இல்லை. டேவிட் ஐசன்சன் பேஸ், சார்ல்ஸ் மொஃபெட் டிரம்ஸ். "யூரோப்பியன் எக்கோஸ்" முதலில் கேளுங்கள்; சிறுபிள்ளைப் பாட்டைப் போன்ற மெட்டு. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு டொல்ஃபியைவிடக் கோல்மன் எளிது என்பது என் அனுபவம். சுரத்தை வளைத்தும் அசைத்தும் அவர் வாசிப்பது கமகத்தில் வளர்ந்த காதுக்கு உறவாகத் தெரிகிறது. அப்படியானால் இதிலிருந்தே தொடங்கலாமே என்று நினைக்காதீர்கள். சுற்று இருந்ததைக் கேட்டுப் பழகாதவருக்கு, அது இல்லாமல் போனது தெரியாது.

கடைசி, பியானோக் கலைஞர் செசில் டெய்லர் 1962 நவம்பர் 23 அன்று கோப்பன்ஹேகனில் கஃபே மொன்மார்ட் விடுதியில் வாசித்தது. பியானோ திரும்பி வருகிறது, பேஸ் போய்விட்டது. டெய்லரோடு ஜிம்மி லயன்ஸ் அல்ட்டோ சாக்சபோன், சனி மர்ரே டிரம்ஸ். மர்ரே தாளத்தை எண்ணித் தருவதில்லை, அலையலையாக எழுப்புகிறார். இங்கே கை தட்டி எண்ணப் பார்ப்பது வீண். அடுத்த அலை எப்போது எழுகிறது என்று மட்டும் பாருங்கள். டெய்லர் பியானோவைத் தாளவாத்தியமாகவே நடத்துவதால், தவிலில் பழகிய காது மறுபடி கைகொடுக்கும்.

இதில் "வட்ஸ் நியூ" என்ற உருப்படியை முதலில் எடுங்கள். மற்றவை டெய்லரின் சொந்த ஆக்கங்கள். இது பலரும் வாசித்த பழைய பாட்டு. அதனால் ஒரு கால் மட்டும் கையில் இருக்கும். கோல்ட்ரேன் "பாலட்ஸ்" இசைத்தட்டில் இதே பாட்டை மெதுவாக, மெட்டுக் கலையாமல் வாசித்திருக்கிறார். அதை ஒரு கிழமை தினமும் கேளுங்கள். சைக்கிளில் போகும்போது உங்களை அறியாமல் அந்த மெட்டு வாயில் வரவேண்டும். வரும்வரை டெய்லரை வைக்காதீர்கள்.